செவுள் பார்த்து எடுத்த ஆறு பொய்மீன்கள்

1. பாதி உண்மை

லவால் நகரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் மீன்பிடிக் கவுண்டரில் எனக்கு இது ஒன்பதாவது வருடம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அனுபவக் குறிப்பு எழுதித் தரும்படி மனேஜர் கேட்டார். பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கும். இப்போது தமிழ்ப் பிள்ளைகளும் எங்கள் கடைக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காவது உள்ளதைச் சொல்லவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு முன் பதினெட்டு வருடம் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ட் கொலர் தைத்தேன். அதை மூடியபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த வயதில் வேலை தேடுவது எப்படி இருக்கும் என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு பிள்ளை இணையத்தில் விண்ணப்பம் போட்டுத் தந்தது. எந்தக் கடைக்குப் போடுகிறது என்றுகூட நான் கேட்கவில்லை. அழைத்தார்கள், மெத்ரோ ஏறிப் போனேன்.

நேர்முகம் செய்தவர் மனேஜர், முஸ்யே கஸ்தோன். அவர் பேசியது பிரெஞ்சு. நான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். அவர் மன்னார்க்காரர் என்று யாரும் நினைக்கவேண்டாம். விண்ணப்பத்தில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, மன்னார் என்று கைபேசியில் தேடினார். வள்ளமும் வலையுமாகப் படங்கள் வந்தன. மனிதருக்கு முகம் மலர்ந்தது.

"இதோ உங்கட ஊர்?"

"ஓம்."

"அப்பா என்ன வேலை?"

"மீன்பிடி. அண்ணன்மாரும் மீன்பிடி."

"அப்ப உங்களுக்கு மீன் நல்லாத் தெரியும்."

"மீன் எண்டால் எனக்கு நல்லாத் தெரியும்," என்றேன்.

அது பொய்யில்லை. கண்ணை மூடிக்கொண்டு மணத்தில் சொல்வேன், மீன் செத்து எத்தனை மணித்தியாலம் என்று. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல என்று எனக்குத் தெரியும். எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. வள்ளம் மணலில் முட்டிய பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். தரம் பிரிப்பது, வெட்டுவது, உப்புப் போட்டுக் காயவைப்பது, விற்பது எல்லாம் நாங்கள். மீன் உயிரோடு தண்ணீருக்குள் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தூண்டில் தடியைக் கையில் தொட்டதே இல்லை.

இதையெல்லாம் கஸ்தோனிடம் சொல்லியிருக்கலாம். வேலை தேவைப்பட்டது, வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதத் தவணையில் எடுத்தார்கள். தவணை முடிய, சரியென்றால் நிரந்தரம்.

2. கண்ணும் செவுளும்

முதல் நாள் என்னைக் கொண்டுபோய் விட்டது ஒரு சுவருக்கு முன்னால். சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாக கிராங்க்பெய்ட். அதை நான் வீட்டில் பொய்மீன் என்றுதான் சொல்வேன். பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ செய்த குண்டு மீன். வயிற்றிலும் வாலிலும் மூன்று முனைக் கொளுக்கி. நாடிக்குக் கீழே ஒரு கண்ணாடி நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் போட்டால் அநேகமானவை மிதக்கும். நூலைச் சுற்றி இழுத்தால் அந்த நாக்கு தண்ணீரில் பட்டு, மீன் தலைகீழாக ஆழத்துக்குப் போய் உடம்பை ஆட்டும். நீள நாக்கென்றால் ஆழம், குட்டை நாக்கென்றால் மேலாக. இந்த விஷயம் இப்போது தெரியும். அன்று அந்த நாக்கைப் பார்த்து, சுவரில் கொளுவுவதற்கு வைத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன்.

பெட்டிகளைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். ஒன்றில் பத்து அடி முதல் பதினான்கு அடி என்று போட்டிருந்தது. பிடிக்கக்கூடிய மீனின் நீளமாக்கும் என்று நினைத்து, இவர்களுடைய ஏரியில் சுறா இருக்கிறதா என்று திகைத்துப் போனேன். பிறகு, விளம்பரத்தில் யாரும் எதையும் போடுவார்கள் என்று அந்த எண்களைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிட்டேன். எனக்கு அன்று நடந்த குழப்பங்களிலேயே பெரியது அதுதான்.

பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வந்து, எதை எடுக்கலாம் என்று கேட்டார். கை தன் பாட்டில் சந்தையில் செய்கிறதைச் செய்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இதை எடுங்கோ. பாருங்கோ, கண் தெளிவு. செவுள் நல்ல சிவப்பு. வயிறு இறுகியிருக்கு."

அந்த ஆள் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். இரண்டு எடுத்துக்கொண்டு போனார்.

அவ்வளவுதான், எனக்கு வழி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாருக்கும் கண்ணையும் செவுளையும் காட்டினேன். சனம் வாங்கியது. சிலர் திரும்பி வந்து நன்றியும் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கஸ்தோன் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, மற்றக் கவுண்டர்களுக்குப் போய், "அவ பரம்பரை மீன்காறி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்றே ஒன்றுதான் விற்கவில்லை. தவிட்டு நிறம், கீழே மங்கல் செம்மஞ்சள், குட்டை நாக்கு. செவுளே கீறவில்லை. பக்கங்களில் இரண்டு வளைந்த கோடு. அது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. வாங்கிப் போன ஒரே ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார். வண்ணம் உரிந்த அந்த அவலட்சணத்தை வீசாமல், கொளுக்கிகளைக் கழற்றிவிட்டு என் பயணப் பையில் அடையாளத்துக்குக் கொளுவினேன். மாதா கோயில் சுற்றுலாக்களில் எல்லாருடைய பையும் ஒரே கறுப்பு; எனக்கு அடையாளம் வேண்டும்.

3. நீலப் பீப்பாய்

கடை வருடம் ஒருமுறை புதிய வாடிக்கையாளர்களைக் காட்டுக்குள் கனூப் பயணம் கூட்டிப்போகும். கனூ என்றால் துடுப்புப் போடுகிற ஒடுங்கிய தோணி. நான் சேர்ந்த கோடையில் கஸ்தோன் என்னையும் வரச் சொன்னார். அவர் கடையின் பனிச்சறுக்குப் பகுதியிலிருந்து வந்தவர். கனூவும் நன்றாகத் தெரியும், மீன் தெரியாது.

"மீன் உங்கட பொறுப்பு, ரெஜினா. திரும்பி வந்து திங்கட்கிழமை உங்கட நிரந்தரக் கடிதத்தில கையெழுத்து வைப்பம்."

இன்னொன்றும் சொன்னார். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் கனூவையும் சாமானையும் தலையிலும் முதுகிலும் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். போர்ட்டாஜ் என்பார்கள். ஆகவே பெரிய பெட்டி கூடாது, ஆறே ஆறு பொய்மீன் மட்டும். நான் ஒரு மத்தியானம் முழுக்க நின்று ஆறு தெரிந்தெடுத்தேன். ஆறும் மதாளித்தவை, வெள்ளிச் செதில், இரத்தச் செவுள். பெரிய செவுள் கீறப் பெரிய உடம்பு வேண்டும். பெரிய உடம்புக்கெல்லாம் நீள நாக்கு. ஆறும் ஆழத்துக்குப் போகிறவை என்பது எனக்குத் தெரியாது.

வாடிக்கையாளர்கள் இரண்டு பேர்தான் வந்தார்கள், பியர்பொன்ட்ஸில் இருக்கிற யாழ்ப்பாணத்துச் சோடி. சிவநேசன் அண்ணை வான் ஓடி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி புவனாக்கா முன்சீட்டில் இருந்துகொண்டு முறைப்பாடு செய்துகொண்டே வந்தார்.

"நான் கேட்டது நயாகரா. இந்த மனிசன் என்னைக் காட்டுக்குக் கொண்டுபோகுது. சீனி வருத்தக்காறன் வேற. நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குச் சாப்பாடு. கரடியிட்ட மணிக்கூடு இருக்குமோ?"

"சும்மா இரும். மீன்பிடிகாறப் பிள்ளை எங்களோட வருது," என்றார் அண்ணை பின்னாலிருந்து. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

புதன்கிழமை காலை, ஐந்து மணித்தியாலம் வடக்கே போய், சாலை முடிகிற இடத்தில் வானை நிறுத்தினோம். சாப்பாட்டுச் சாமான் இரண்டு நீலப் பீப்பாய்களில் இருந்தது. முதல் போர்ட்டாஜ் இரண்டு கிலோமீற்றர், ஏற்றம். கஸ்தோன் பீப்பாய்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மீன் நிச்சயம் எண்டால் ஒண்டை வானில விட்டிட்டுப் போகலாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

விடுகிற பீப்பாயில் பருப்பு, அரிசியில் பெரும்பங்கு, டின் கடலை, மா எல்லாம் இருந்தது. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுங்கோ. மீனை நான் பாக்கிறன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மூன்று மாதம் எல்லாரும் நம்பியதில் நானே என்னை நம்பத் தொடங்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

4. வியாழன்

நாங்கள் கூடாரம் அடித்த ஏரி பால் விடாத தேத்தண்ணி நிறம். எட்டிப் பார்த்தால் கீழே பாறைகள் தெரிந்தன. அப்படி ஆழமில்லாத ஏரி. புதன் பின்னேரம் ஒன்றும் படவில்லை. களைத்து வந்த மீன்களாக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கேயிருந்து களைத்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. பீப்பாயில் இருந்த பாணையும் பாற்கட்டியையும் சாப்பிட்டோம்.

வியாழன் விடியற்காலையிலிருந்து காற்று. கனூவை ஏரிக்குள் கொண்டுபோக முடியாது, கரையில் நின்றுதான் எறிந்தோம். எறிந்து நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் நீள நாக்கு அடிச் சேற்றைக் கிண்டி, புல்லைப் பிடுங்கி, பாறை இடுக்கில் போய் இறுகும். இழுத்தால் நூல் அறும். ஒன்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. மூன்றாவதை அண்ணை எறிந்த வேகத்தில் அது பின்னால் நின்ற மரத்தின் உச்சியில் போய்த் தொங்கியது.

"அங்கயும் மீன் இருக்கோ?" என்று புவனாக்கா கேட்டார்.

நாலாவது ஒரு பக்கம் சாய்ந்து இடப்பக்கமாகவே ஓடியது. எத்தனை தரம் எறிந்தாலும் இடப்பக்கம். வருத்தக்கார மீனாக்கும் என்று பெட்டிக்குள் போட்டேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண் தெளிவு, செவுள் சிவப்பு, இதைவிட ஒரு மீனுக்கு என்ன வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்ப யோசித்தேன். கஸ்தோன் அடிக்கடி என் முகத்தைப் பார்த்தார். அதில் சந்தேகம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முழு நம்பிக்கைதான் இருந்தது.

"பரம்பரை ஆக்கள் பொறுமையாய்த்தான் செய்வினம்," என்று அண்ணைக்கு விளக்கம் சொன்னார்.

பின்னேரம் அண்ணை ஐந்தாவதைக் கரையோரமாகத் தூக்குகிற நேரம், ஒரு மீன் பாய்ந்து கவ்வியது. உள்ளங்கை அளவு பெர்ஷோட், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை. மூன்று பேரும் கைதட்டினார்கள். நான் கத்தியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். இரண்டு நாளில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்று அப்போதுதான் கிடைத்தது.

மீன் வெட்டினால் இரைப்பையைக் கீறிப் பார்ப்பது எங்கள் பழக்கம். என்ன தின்ற மீன் என்று பார்த்துத்தான் குழம்புக்கா காயவைக்கவா என்று முடிவு செய்வோம். கீறினேன். உள்ளே சின்னச் சின்னக் கவ்வுக் கால்கள், தவிட்டு நிற ஓட்டுத் துண்டுகள். இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் ஒரு பிராணி. இந்த ஏரிப் பாறைகளுக்குள் இருக்கிற குட்டிச் சிங்க இறால்.

அந்த மீனில் நாலு பேருக்குச் சொதி வைத்தேன். ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது.

5. புவனாக்காவின் கேள்வி

சட்டி கழுவப் புவனாக்கா என்னோடு கரைக்கு வந்தார். சூரியன் இன்னும் மரங்களுக்கு மேலே நின்றது. பீப்பாயில் மிஞ்சியிருந்தது இரண்டு சிறங்கை அரிசி, தேயிலை, எண்ணெய், உப்பு, மீன் பொரிக்க நான் கட்டி வந்த மிளகாய்த்தூள். அண்ணைக்கென்று அக்கா கொண்டுவந்த பிஸ்கற் அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. சனி பின்னேரம்தான் வானுக்குப் போய்ச் சேர்வோம்.

"ரெஜினா, உண்மையைச் சொல்லும். நீர் உம்மட வாழ்க்கையில ஒரு மீனாவது பிடிச்சனீரோ?"

கையில் சட்டி இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"இல்லை அக்கா."

"ஒண்டும்?"

"வெட்டியிருக்கிறன். காயவச்சிருக்கிறன். வித்திருக்கிறன். பிடிச்சதில்லை."

"பேந்து ஏன் பருப்பை விட்டிட்டு வரச் சொன்னனீர்?"

அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்ட மனிசன் காலமை குளிசை போட்டிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கும், தலை சுத்தும். ரெண்டு வருசத்துக்கு முன்னம் குசினியில விழுந்து தலை உடைஞ்சது. இங்க விழுந்தால் ஆரைக் கூப்பிடுறது? நீர் வேலைக்காகச் சொன்னனீர் எண்டு விளங்குது. எனக்கும் வேலை இல்லாமல் இருந்த காலம் தெரியும். ஆனா அந்தாளின்ர சாப்பாட்டையெல்லோ விட்டிட்டு வந்திட்டீர்."

அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை. கஸ்தோனிடம் சொல்லிவிடப் போகிறாரோ என்று கேட்டேன்.

"நான் ஏன் சொல்லவேணும்? நீரே சொல்லும். முதல்ல மீனுக்கு ஒரு வழியைப் பாரும்."

அவர் போன பிறகும் நான் பாறையில் இருந்தேன். பக்கத்தில் என் பை கிடந்தது. பையில் அந்த அவலட்சணம் தொங்கியது. தவிட்டு நிறம். கீழே செம்மஞ்சள். பக்கங்களில் இரண்டு வளைந்த கோடு. பாறையில் நான் கீறிப் போட்ட இரைப்பையையும் அதையும் பார்த்தேன். அந்தக் கோடுகள் கவ்வுக் கால்கள். மூன்று மாதமாகச் செவுள் இல்லை, செவுள் இல்லை என்று நான் ஒதுக்கிய சாமான் மீனே இல்லை.

6. வெள்ளி

காலையில் காற்று விழுந்திருந்தது. கஸ்தோனிடம் குறடு வாங்கி, சாய்ந்து ஓடின மீனிலிருந்து கொளுக்கிகளைக் கழற்றி அவலட்சணத்தில் பூட்டினேன். கஸ்தோன் எட்டிப் பார்த்தார். முதல் தடவையாகச் சந்தேகப்பட்டார்.

"இதுக்குச் செவுள் இல்லையே?"

"இல்லை. இண்டைக்கு இது," என்றேன்.

அவர் துடுப்புப் போட, பாறை நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனைக்குப் போனோம். இரண்டு பேர் இருக்கிற கனூவில் ஆறு முனைக் கொளுக்கியோடு எறிவது சின்ன விஷயமில்லை. முதல் எறியிலேயே அவருடைய தொப்பி தண்ணீருக்குள் போயிற்று. அதைக் கொளுவி எடுத்து, பாறைக்கு நேர் குறுக்கே எறியாமல், ஓரத்தோடு ஓரமாக எறிந்தேன். குட்டை நாக்கு கொஞ்சம்தான் தாழ்ந்தது. தடியில் டக், டக் என்று கல்லில் தட்டுவது கைக்குத் தெரிந்தது. ஒரு இடத்தில் இறுகியது. துணி சிக்கினால் மெசினிலிருந்து காலை எடுக்கிறது என் பதினெட்டு வருடப் பழக்கம். யோசிக்காமல் ரீலை நிறுத்திவிட்டேன். நூல் தளர்ந்தது. பொய்மீன் தானாகக் கல்லிலிருந்து கழன்று மெல்ல மிதந்து எழும்பியது. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒன்று அதை அடித்துக்கொண்டு போனது.

தடி வளைந்தது. நான் மாதாவே என்று கத்தினேன். கஸ்தோன் கனூவைச் சரிக்காதே என்று கத்தினார். வந்தது ஒரு டொரே, இங்கே சனம் உயிரை விடுகிற மீன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"அளவு சட்டத்துக்குச் சரிவராது. விடவேணும்."

"முஸ்யே கஸ்தோன், பருப்பு வானில கிடக்கு."

"சட்டம்," என்றார். அந்த மனிதரை எனக்கு அன்று கொஞ்ச நேரம் பிடிக்கவேயில்லை. விட்டோம். அது வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் மிக நீளமானது.

பிறகு திரும்பத் திரும்ப அதையே செய்தேன். தட்டவிடு, இறுகினால் நிறுத்து, மிதக்கவிடு. ஒரு மணித்தியாலத்தில் அச்சிகான் என்கிற பாறை மீன் இரண்டு வந்தன, இரண்டும் என் முழங்கை நீளம். அவற்றுக்குச் சட்டத்தில் தடையில்லை.

கரைக்கு வந்தபோது அண்ணை ஒரு மரக்குற்றியில் இருந்தார். புவனாக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மீனைக் கண்டதும் அண்ணை எழும்பினார்.

"ஆ, ரெஜினா வந்திட்டா. பொரியும் பிள்ளை, பொரியும்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் புவனாக்கா.

இரண்டு நாள் பட்ட பாட்டில் அது நினைவிலேயே வரவில்லை. வெள்ளிக்கிழமையில் இந்தச் சோடி மீன், மச்சம் ஒன்றும் தொடாது. எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் இறைச்சி இல்லை, மீன்தான் என்று வளர்ந்தவள் நான்.

"காட்டுக்குள்ள வெள்ளிக்கிழமை கணக்கில வருமோ?" என்று அண்ணை மெல்லக் கேட்டார்.

"முருகனுக்குக் காடு புதுசில்லை," என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "அரிசியைக் கொண்டாரும். நீங்கள் ரெண்டு பேரும் மீனைச் சாப்பிட்டால் இந்த அரிசி எங்களுக்குக் காணும்."

அப்படித்தான் நடந்தது. இரண்டு சிறங்கை அரிசி நாலு பேருக்குக் காணாது, இரண்டு பேருக்குக் கஞ்சியாக இரண்டு நேரத்துக்குக் கண்டது. அண்ணை உப்புக் கஞ்சி குடித்துவிட்டு மீன் பொரிகிற பக்கம் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய கைகள் நடுங்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை விடியவே போய் இன்னும் மூன்று பிடித்தேன். அண்ணை தனியாக ஒன்றைத் தின்று முடித்தார்.

7. அட்டை

திங்கட்கிழமை நான் கடைக்குப் போனது உண்மையைச் சொல்ல. மெத்ரோவில் பிரெஞ்சு வசனங்களை அடுக்கிக்கொண்டே போனேன். கவுண்டருக்குப் போனால் சுவரில் ஒரு பளபளப்பான அட்டை ஒட்டியிருந்தது. பயணத்துக்கு முன்னமே கஸ்தோன் அச்சடிக்கக் கொடுத்ததாம். அதில் 'ரெஜினாவின் முறை' என்று தலைப்பு. கீழே கண், செவுள், வயிறு என்று மூன்று படம்.

"எப்பிடி இருக்கு? அடுத்த வருசத்துக்குச் செவுள் சிவப்பாய் இருக்கிறதாப் பாத்துத்தான் ஓடர் குடுத்திருக்கிறன்," என்றார்.

அடுக்கி வந்த வசனமெல்லாம் போயிற்று. வந்தபடி சொன்னேன். நான் மீன் பிடித்ததில்லை என்று. சந்தையில் மீன் வாங்குகிற மாதிரி விற்றேன் என்று. பீப்பாயை விடச் சொன்னது என் பிழை என்று. அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"அப்ப திரும்பி வந்து நன்றி சொன்ன சனம்?"

"தெரியாது."

"அவையளுக்கு மீன் பட்டதே?"

"பட்டிருக்கு. ஏன் எண்டு தெரியாது."

"வெள்ளிக்கிழமை?"

"அது மீனின்ர வயித்தைக் கீறிப் பாத்து எடுத்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சு செய்தது."

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மனிதருக்குக் கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபட்டிருக்காது. கடைசியில் அட்டையைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"கையெழுத்து இன்னும் மூண்டு மாதம் கழிச்சு. அதுக்குள்ள அந்தப் பெட்டிகளில எழுதியிருக்கிறதை எல்லாம் வாசியுங்கோ. சேர்ந்து வாசிப்பம், எனக்கும் தெரியாது."

வாசித்தோம். அடிக்கணக்கு பொய்மீன் போகிற ஆழம் என்று அன்றுதான் படித்தேன். மெல்லிய நூல் என்றால் இன்னும் ஆழம் போகும். இடப்பக்கம் ஓடுகிற மீன் வருத்தக்காரன் இல்லை. மூக்கு வளையத்தைக் குறட்டால் எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்தால் நேராக ஓடும். கனூவில் போகிறவர்களுக்கு ஆறுகூட அதிகம்: குட்டை நாக்கு இரண்டு, நடுத்தரம் ஒன்று, நீள நாக்கு ஒன்று, ஒரு குறடு, போதும். கொளுக்கி முள்ளை நசுக்கிவிட்டுக் கொண்டுபோனால் உங்கள் மனேஜரின் தொப்பியும் தலையும் தப்பும்.

மூன்று மாதம் முடிய அவர் கையெழுத்து வைத்தார். அதே வாரம், என் முதல் நாளில் வாங்கிப் போன அந்த வாடிக்கையாளர் வந்து ஒரு படத்தைக் காட்டினார். என்னிடம் வாங்கிய இரத்தச் செவுள் பொய்மீனில், அவருடைய கால் நீளத்துக்கு ஒரு பைக் மீன் மாட்டியிருந்தது. "உங்கட முறை பிழைக்கேல்ல" என்றார். எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருடைய ஏரி ஆழமான ஏரியாக இருக்கலாம். அந்த மீனுக்கும் செவுள் பிடித்திருக்கலாம். கேட்கிறவர்களிடம் தெரியாது என்றுதான் சொல்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட்டு, எந்த ஏரி, எவ்வளவு ஆழம், கீழே புல்லா பாறையா என்று கேட்கிறேன். தெரியாது என்று சொன்னதற்காக இந்தக் கவுண்டரில் ஒருவரும் திரும்பிப் போனதில்லை.

கடை இன்னும் கனூப் பயணம் போகிறது, நான்தான் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு வருடமும் புறப்படுகிறதுக்கு முதல் நாள் பியர்பொன்ட்ஸிலிருந்து புவனாக்காவின் தொலைபேசி வரும். வணக்கமும் இல்லை, சுகம் கேட்பதும் இல்லை.

"பருப்பு வச்சிட்டீரோ?"

"வச்சிட்டன் அக்கா. அதுதான் முதல்ல வச்சது."

"சரி, பேந்து கதைக்கிறன்," என்று வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் நான் பொய்மீன் பெட்டியைத் திறப்பேன்.